ஹீரோவாகாத வாத்தியார்

கேள்வி: அண்ணே, துணை நடிகரா நாலஞ்சு படம் பண்ணுனவர் ஒருத்தர் இப்ப நடிப்பு கிளாஸ் எடுக்குறாரு. சேரலாம்னு பாத்தா, "ஹீரோவாவே ஆகாதவர் என்னத்தச் சொல்லித் தரப்போறாரு"ங்கிறாரு எங்க அப்பச்சி. சேரவா வேணாமா? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: சேரு தம்பி. ஹீரோவுக்குப் படம் முழுக்க டைம் இருக்கு, கேரக்டர் ஆர்டிஸ்டுக்கு ரெண்டே சீன், அதுக்குள்ள ஆள் யாருன்னு காட்டியாகணும், அந்தக் கஷ்டம் பட்டவருக்குச் சொல்லித்தர விஷயம் நெறைய இருக்கும். அமெரிக்காவுல சான்ஃபோர்டு மைஸ்னர்னு ஒரு மேடை நடிகர், 1935லயே வாத்தியாராயிட்டாரு. ரெண்டு பேர எதிரெதிர நிறுத்தி ஒரே வரிய மாத்தி மாத்திச் சொல்ல வைப்பாரு, சொல்லச் சொல்ல வார்த்தை தேஞ்சு எதிராளி முகம் மட்டும்தான் மிஞ்சும். நம்ம சென்னை நாடகக் குழு கூத்துப்பட்டறைய 1977ல ஆரம்பிச்ச ந.முத்துசாமி நாடக எழுத்தாளர், அவரும் ஹீரோ இல்ல, ஆனா சினிமா நடிகர் பசுபதி அங்கிருந்து வந்தவருதான! ஒண்ணு, "சான்ஸ் வாங்கித் தர்றேன்"னு ஆரம்பிச்சாருன்னா எந்திரிச்சு வந்துரு. கிளாஸ்ல சேர்ற வரைக்கும் வீட்டு அடுப்படில ஆச்சி பணியாரத்தக் குச்சியால திருப்பிக்கிட்டே, தலையத் தூக்காம, வந்தவங்களுக்கு ஊர்க்கதை சொல்றத நல்லா கவனி. நீயும் ஒருதரம் அப்படிச் செஞ்சு பாரு, மொத ஈடு கருகிரும்.