அணு உலை விபத்தில் காலியான ஜப்பான் ஊர்களுக்கு மக்கள் திரும்பிவிட்டார்களா?

நான் செண்டாயில் வேலை பார்க்கிறேன். புகுஷிமா கடலோரத்தில் இருக்கும் நமியே ஊருக்கு இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூன்று முறை போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்த அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

விபத்துக்கு முன் அங்கே 21,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். அதிலும் கணிசமானவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள்.

ஏன் திரும்பவில்லை என்பது புரிய 2011 மார்ச்சுக்குப் போக வேண்டும். 11ஆம் தேதி சுனாமி நமியேயின் உகேதோ என்ற மீனவக் குடியிருப்பை வாரிக்கொண்டு போனது. அன்றிரவு இடிபாடுகளுக்குள் குரல் கேட்டிருக்கிறது. விடிந்ததும் மீட்கலாம் என்று தீயணைப்பு வீரர்கள் திரும்பினார்கள். விடியும்போது, சுனாமியில் பழுதான புகுஷிமா அணு உலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அங்கே தேடுதல் மறுபடி தொடங்க ஒரு மாதம் ஆனது. இதை எப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

தப்பியவர்களில் ஆயிரக்கணக்கானோர் மலைப் பக்கம் சுஷிமாவுக்குப் போனார்கள். கதிர்வீச்சை அள்ளிவந்த காற்று திரும்பியதும் அதே பக்கம்தான். காற்று எங்கே போகும் என்ற கணிப்பு அரசிடம் இருந்தது, ஊருக்குச் சொல்லவில்லை.

2017 மார்ச் 31 அன்று நமியேயின் ஒரு பகுதியைத் திறந்தார்கள். பரப்பளவில் அது சுமார் 20 சதவீதம்தான். வீடுகளைச் சுற்றியும் வயலிலும் மேல்மண்ணைச் சுரண்டிக் கறுப்புப் பைகளில் கட்டி எடுத்துப்போனார்கள். காட்டையும் மலையையும் அப்படிச் சுரண்ட முடியுமா? சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும்.

உகேதோ ஆரம்பப் பள்ளியை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து 300 மீட்டர்தான். அன்று அங்கிருந்த 82 பிள்ளைகளும் ஆசிரியர்களோடு மலைக்கு ஓடிப் பிழைத்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் தரை உள்வாங்கிக் கிடக்கிறது. மேடைக்கு மேலே பட்டமளிப்பு விழாப் பலகை அப்படியே தொங்குகிறது. அந்த விழா நடக்கவே இல்லை.

அப்புறம், நெடுஞ்சாலை ஓரக் கடையில் ஒரு பாட்டியோடு பேச்சு வந்தது. நமியேக்காரர்தான், இப்போது இருப்பது நிஹோன்மட்சு என்ற வேறு ஊரில். மாதம் இரண்டு முறை மகனின் காரில் வந்து, வீட்டை இடித்த மனையில் புல் வெட்டிவிட்டுப் போகிறாராம்.

“இங்கேயே வந்துவிடலாமே பாட்டி?” என்று கேட்டேன்.

“பேரனுக்கு இந்த ஊர் தெரியாதப்பா. அவனுக்கு நிஹோன்மட்சுதான் சொந்த ஊர்” என்றார்.

ஆறு வருடம் பூட்டிக் கிடந்த ஊருக்கு இதுதான் நேர்ந்தது. கதிர்வீச்சு குறைந்தாலும் பிள்ளைகள் அதற்குள் வேறு ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். திரும்பாதவர்களைப் பயந்தவர்கள் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

மீட்சி இல்லாமலும் இல்லை. உகேதோ துறைமுகத்தில் 2020 ஏப்ரலில் மீன் ஏலம் மறுபடி தொடங்கியது. இந்த ஊரின் மரபுப் பீங்கானான ஓபோரி சோமாவும் கடையில் கிடைக்கிறது. இரட்டைச் சுவர்க் கோப்பை, சுடச்சுட தேநீர் ஊற்றினாலும் கை சுடாது. மெருகுக்கான கல் கிடைத்த இடம் தடைப் பகுதிக்குள் போய்விட்டதால், வேறு பொருட்களைக் கலந்து பழைய பச்சை நிறத்தையே வரவழைத்திருக்கிறார்கள். பாட்டி தன் கையால் ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார், மெருகில் தெரியும் விரிசல் கோடுகள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டுமாம்.