ஆர்டர் பை (ORDER BY) கொடுத்தும் ஒரே ரோ இரண்டு பக்கத்தில் வருவது ஏன்?

டேட்டாபேஸிலிருந்து லிமிட் (எத்தனை ரோ வேண்டும்), ஆஃப்செட் (முதலில் எத்தனை ரோவைத் தள்ள வேண்டும்) போட்டுப் பக்கம் பக்கமாக எடுக்கிறேன், தேதிவாரியாக அடுக்கச் சொல்லும் ஆர்டர் பையும் இருக்கிறது, ஆனாலும் ஒரு ரோ இரண்டு தடவை வருகிறது, இன்னொன்றைக் காணவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் டேபிளில் பல ரோக்களுக்கு ஒரே தேதி இருக்கும். ஆர்டர் பையில் தேதிக்கு அடுத்து ஐடியையும் (ஒவ்வொரு ரோவுக்கும் உள்ள தனி எண்) சேருங்கள், சரியாகிவிடும்.

எனக்கு இது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. அப்போது நான் டெஸ்டர். பில் பட்டியல், பக்கத்துக்கு 20. மூன்றாம் பக்கத்தில் பார்த்த ஒரு பில் ஐந்தாம் பக்கத்திலும் நின்றது. அன்றைய தேதிக்கு மொத்தம் 137 பில். ஏழு பக்கத்தையும் புரட்டி நம்பர்களை நோட்டில் எழுதினேன். 136தான் தேறியது. ரிப்போர்ட் போட்டேன். "என் மெஷினில் சரியாகத்தான் வருகிறது" என்று டெவலப்பர் மூடிவிட்டார். மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதே பதில். அவர் மெஷினில் இருந்ததே 30 பில், எல்லாம் வேறு வேறு தேதி. மாதக் கடைசியில் அதே குவெரியால் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எடுத்த எக்ஸ்போர்ட்டில் கணக்கு உதைத்த பிறகுதான் என் நோட்டைக் கேட்டார்கள். பிழை என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவரிடம் இருக்கும் டேட்டாவை ஒரு தடவையாவது வாங்கிப் பார்க்க வேண்டாமா? இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

சரி, காரணத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பக்கமும் தனிக் குவெரி. ஒரே தேதி உள்ள ரோக்களில் எது முன்னால் என்று டேட்டாபேஸ் எந்த உறுதியும் தருவதில்லை. பொருத்தமான இன்டெக்ஸ் (முன்கூட்டியே அடுக்கி வைத்த தேடல் பட்டியல்) இல்லாவிட்டால், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பெரும்பாலும் முழு டேபிளையும் அடுக்காமல் தேவையான அளவை மட்டும் கையில் வைத்துக்கொள்ளும். மூன்றாம் பக்கத்துக்கு 60 (தள்ள 40, காட்ட 20), ஐந்தாம் பக்கத்துக்கு 100. அளவு மாறும்போது ஒரே தேதிக்காரர்கள் இடம் மாறி விழலாம். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ், ஆர்டர் பை இல்லாத ஆஃப்செட்டை ஏற்காது. ஆனால் ஆர்டர் பை இருந்துவிட்டால், அது போதுமானதா என்று பார்ப்பதில்லை.

தேதிக்கு இன்டெக்ஸ் போட்டாலே போதும் என்று சிலர் சொல்வார்கள். பல நேரம் சரியானது போலத் தெரியும். நாளை பிளானர் (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் டேட்டாபேஸ் பகுதி) வேறு வழியில் போனால் பழைய கதைதான்.

ஆஃப்செட்டே வேண்டாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆஃப்செட் 1,00,000 என்றால் அத்தனை ரோவையும் எடுத்துத் தள்ளிவிட்டுத்தான் உங்கள் 20 வரும். நடுவில் யாராவது நீங்கள் ஏற்கெனவே பார்த்த பக்கத்தில் ஒரு ரோவை அழித்தால், ஐடி சேர்த்திருந்தாலும் அடுத்த பக்கத்தில் ஒன்று தவறிவிடும். கடைசியாகப் பார்த்த தேதியையும் ஐடியையும் வைத்து 'இதற்கு அடுத்த 20' என்று கேட்பதுதான் நல்ல வழி. ஆனால் அதில் நேராக 47ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாது. எங்களுக்குப் பக்க எண் கட்டாயம் தேவைப்பட்டது.

மாற்றிய பிறகு ஒரே தேதியில் சில நூறு ரோ போட்டு, எல்லாப் பக்கத்தின் ஐடிகளையும் சேர்த்து எடுத்து, ஏதாவது இரண்டு தடவை வருகிறதா என்று பாருங்கள்.