40 நாளாகியும் கண்ணில் மஞ்சள் போகவில்லை: வெயில் காட்டினால் போதுமா?

கேள்வி: என் பெண் குழந்தை பிறந்து 40 நாள் ஆகிறது. நிறைமாதம், பிறந்தபோது எடை 3 கிலோ. மூன்றாம் நாள் வந்த மஞ்சள் காமாலை குறைகிற மாதிரி இருந்தது, முழுதாகப் போகவில்லை. தினமும் இளவெயிலில் காட்டுகிறோம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன், நன்றாகக் குடிக்கிறாள், எடையும் ஏறியிருக்கிறது. ஒரு வாரமாக மலம் வெளுத்துப் போகிறது. சிறுநீர் பட்ட துணியில் மஞ்சள் கறை விழுகிறது. தாய்ப்பாலால் வரும் காமாலைதான், தானாகப் போய்விடும் என்கிறார்கள். அத்தை கீழாநெல்லிச் சாறு கொடுக்கலாம் என்கிறார். 45ஆம் நாள் ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டினால் போதுமா?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அதுவரை காத்திருக்க வேண்டாம் அம்மா. நாளைக் காலையிலேயே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மஞ்சள் 40 நாள் நீடிப்பது மட்டும் என்றால் நான் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளில் சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட லேசான மஞ்சள் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் காமாலையில் மலம் வெளுக்காது, துணியிலும் கறை விழாது. மலத்தையும் கறையையும் பற்றி நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரிகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

மலத்துக்கு மஞ்சள், பச்சை நிறங்களைக் கொடுப்பது பித்தநீர். அது கல்லீரலில் சுரந்து பித்தநாளம் வழியாகக் குடலுக்கு வரவேண்டும். அந்த வழி அடைபட்டால் மலம் சுண்ணாம்பு கலந்த மாதிரி வெளிறிப் போகும். குடலுக்குப் போக முடியாத பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரில் இறங்கும். கைக்குழந்தையின் சிறுநீர் பெரும்பாலும் நிறமே இல்லாமல்தான் இருக்கும். துணியில் கறை பிடிக்கிறது என்றால் அதில் பித்தம் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

போனதும் ஒரு ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். பிலிருபின் மொத்தம் எவ்வளவு, அதில் ‘டைரக்ட்’ (கல்லீரல் பதப்படுத்திய வகை, அடைப்பில் தேங்குவது இதுதான்) எவ்வளவு என்று இரண்டும் தனித்தனியாக வரவேண்டும். மொத்த அளவை மட்டும் பார்த்துவிட்டு ‘குறைஞ்சிட்டுதான் வருது’ என்று அனுப்பிவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. டைரக்ட் பிலிருபின் 1 மில்லிகிராமைத் தாண்டினால் அது சாதாரணக் காமாலை இல்லை. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சளாக இருக்கும் எந்தக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை தேவை என்பது என் உறுதியான கருத்து. வெயிலாலும் நீல விளக்காலும் குறைவது இன்னொரு வகை பிலிருபின்தான். அடைப்பால் தேங்குவதை எந்த வெயிலும் கரைக்காது.

நான் முதலில் சந்தேகப்படுவது ‘பிலியரி அட்ரீசியா’ என்ற நோயை. கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளங்கள் அழற்சியால் சுருங்கி, தழும்பாகி மூடிக்கொள்கின்றன. ஏன் வருகிறது என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்ட எதனாலும் வந்ததில்லை, அந்தக் குற்ற உணர்ச்சி வேண்டாம். இதில் பெரிய சிக்கல், குழந்தை ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். பால் குடிக்கும், சிரிக்கும், எடையும் ஏறும். வயிறு உப்பி எடை குறைகிற கட்டத்துக்கு வரும்போது கல்லீரல் ஏற்கெனவே இறுகியிருக்கும்.

ரத்தப் பரிசோதனையோடு வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுப்பார்கள். அதற்கு முன்னால் சுமார் நான்கு மணி நேரம் பால் கொடுக்கக்கூடாது என்பார்கள். பித்தப்பை நிரம்புகிறதா என்று பார்க்கத்தான் அது. பசியில் குழந்தை கத்தும்போது தாய்க்கு மனசு கேட்காது, எனக்குத் தெரியும். காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பித்தநாளக் கட்டி இருந்தாலும் இந்த ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். கூடவே தைராய்டு, சிறுநீரில் கிருமித் தொற்று, கேலக்டோசீமியா (பாலிலுள்ள ஒரு சர்க்கரையை உடல் பயன்படுத்த முடியாத பிறவிக் குறை) போன்றவற்றையும் பார்ப்பார்கள். அப்புறம் தேவைப்பட்டால் கல்லீரலில் ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். பித்தம் குடலுக்கு இறங்குகிறதா என்று பார்க்கும் ‘ஹைடா’ ஸ்கேனுக்கு வழக்கமாக ஐந்து நாள் மாத்திரை கொடுத்துத் தயார் செய்ய வேண்டும். உங்கள் குழந்தையின் வயதில் அதற்காக நாளைக் கடத்துவதை நான் விரும்பமாட்டேன். கடைசி உறுதி, அறுவை அரங்கில் பித்தநாளத்துக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் கிடைக்கும்.

நோய் அதுதான் என்றால் செய்வது ‘கசாய்’ அறுவைச் சிகிச்சை. ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கசாய் 1950களில் உருவாக்கியது. அடைபட்ட நாளங்களை எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை நேராகக் கல்லீரலோடு இணைப்பார்கள். 60 நாளுக்குள் செய்தால் பித்தம் இறங்கும் வாய்ப்பு அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைகிறது. உங்களிடம் இன்னும் 20 நாள் இருக்கிறது. எல்லாக் குழந்தைக்கும் இது பலிப்பதில்லை, பலித்தாலும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படும். அதற்கும் வழி இருக்கிறது. 1998இல் டெல்லியில், இதே நோயுள்ள காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு 20 மாத வயதில் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று அது. அந்தப் பையன் பிற்பாடு டாக்டராகவே ஆகிவிட்டார்.

உங்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இரண்டிலும் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள், கல்லீரல் மாற்றும் அந்தத் திட்டத்தில் வருகிறது.

மலத்தைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள், முடிந்தால் அந்தத் துணியையே மடித்து எடுத்துப் போங்கள். தைவானில் 2004 முதல் நாடு முழுக்கப் பெற்றோருக்கு மல நிற அட்டை கொடுத்து, இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள். நம் ஊரிலும் ஒவ்வொரு பிரசவ வார்டிலும் அது இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

கீழாநெல்லி வேண்டாம். அத்தை அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அடைத்த குழாயை அது திறக்காது, நாள்தான் போகும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நோய் உறுதியானால் ஏ, டி, இ, கே வைட்டமின்களும், எளிதில் செரிக்கும் எம்.சி.டி. எண்ணெயும் சேர்க்கச் சொல்வார்கள்.

தடுப்பூசிக்கு முன்னால் ஒரு விஷயம். பித்தம் இறங்காவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது, ரத்தம் உறைவது தாமதமாகும். அதனால் உறைதல் பரிசோதனை பார்த்து, தேவையென்றால் வைட்டமின் கே கொடுத்த பிறகே 45ஆம் நாள் ஊசியைப் போடச் சொல்லுங்கள். இதற்கிடையே தொப்புளிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், உடம்பில் நீலத் திட்டு தெரிந்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை பார்க்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு அந்த இரவே கிளம்பிவிடுங்கள்.