ஆத்திர அரசியலும் ஜனநாயகமும்: கேள்வி பதில்

தேவகோட்டை: ஐயா, மக்களின் ஆத்திரத்தைக் கிளப்பி அரசியல் செய்யும் தலைவர்கள், மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே ஆட்சிக்கு வருகிறார்கள்? இதில் ஜனநாயகத்துக்கு என்ன ஆபத்து?

பதில்: வருவதில் இல்லை, வந்தபின் நீதிமன்றம் போன்ற நடுவர்களை மாற்றுவதில் இருக்கிறது. ஹங்கேரியில் 2010ல் பிரதமரான ஓர்பானின் அணிக்கு விழுந்தது ஏறத்தாழ 53 சதவீத ஓட்டு. கிடைத்ததோ மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். அந்த பலத்தில் 2011ல் புது அரசியல் சட்டம் வந்தது. எதிர்க்கட்சி எதுவும் அதை ஆதரிக்கவில்லை. நீதிபதிகளின் ஓய்வு வயதை 70லிருந்து 62க்கு இறக்கினார்கள். மூத்தவர்கள் கூட்டமாக வெளியேற நேர்ந்தது. அது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 நவம்பரில் சொன்னபோது பல நாற்காலிகளில் வேறு ஆட்கள். எல்லாமே சட்டம் போட்டு நடந்தது. மேடைப் பேச்சை விடுங்கள், எந்த விதி மாறுகிறது என்று பாருங்கள்.

பள்ளத்தூர்: பர்மாவில் (இன்றைய மியான்மர்) வட்டிக்கடை நடத்திய நம் செட்டியார்களை விரட்டியதும் இதே ஆத்திரம்தானே?

பதில்: பாதி சரி. 1930ல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத குடியானவரின் அடமான நிலம் லேவாதேவிக் கடைக்கு, அதாவது வட்டிக்கடைக்கு, வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் 1930ல் 6 சதவீத நிலம், 1937ல் 25 சதவீதம். நிலம் போனவன் கோபம் பொய்க்கோபம் இல்லை.

காரைக்குடி: அப்படியானால் தப்பு நம் மேலா? முறையாகக் கொடுத்த கடன், ஐயா!

பதில்: அப்படிச் சொல்லவில்லை. விலையைச் சரித்தது கடைக்காரர் அல்ல. அவருக்கு வேண்டியது ரொக்கம், வயல் அல்ல. ஆனால் அடி யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். 1930 மே ரங்கூன் கலவரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்குத் துறைமுகக் கூலிகள். 1938 கலவரத்தில் குறி முஸ்லிம்கள். கடன் கொடுத்தவர்கள் இவர்களா? வலி உண்மையாக இருக்கும்போதே விரலை வேறு பக்கம் நீட்டிவிடுகிறார்கள். இதுதான் என் பயம்.

காரைக்குடி: 1962ல் ஆட்சியைப் பிடித்த தளபதி நே வின் செய்தது?

பதில்: அது ராணுவம் பிடித்த ஆட்சி, வேறு கதை. பர்மாவை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கானாடுகாத்தான்: தேர்தலில் ஜெயித்தவரை எப்படிக் குறை சொல்லலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். விதியைப் பாருங்கள்.

புதுவயல்: எந்தக் கட்சியைச் சொல்கிறீர்கள்?

பதில்: எல்லாக் கட்சிக்கும் இதே சோதனைதான்.

சாக்கோட்டை ஒன்றியம்: கிராமத்தில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நல்ல கேள்வி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குப் போங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு அதில் எதையும் எழுதிக்கொள்ளலாம். கணக்குக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.