காருக்குள் திரை: ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

கார் டச் ஸ்கிரீன், போன், மேப், புளூடூத் ஆகியவற்றால் ஓட்டும்போது கவனம் சிதறுவது பற்றி வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் வாகன மின்வேலையும் ஓட்டுநர் பயிற்சியும் அறிந்தவர்.

கேள்வி (கோவை, புதுக் கார் வாங்கியவர்): அண்ணா, பழைய கார்ல ஏசிக்குத் திருகுற குமிழ் இருந்துச்சு. புதுக் கார்ல ஃபேன், ஏசி எல்லாமே டச் ஸ்கிரீன்லதான். பழகினா சரியாயிடும்னு ஷோரூம்ல சொல்றாங்க. ஆகுமா?

பதில்: பாதி ஆகும். எது எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்பது பத்து நாளில் பழகிவிடும். ஆனால் வழவழப்பான கண்ணாடியில் விரல் எங்கே படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அது எத்தனை வருஷம் ஓட்டினாலும் மாறாது. குமிழுக்கு விளிம்பு உண்டு, திருகும்போது 'டிக் டிக்' என்று கைக்குத் தெரியும். கண் ரோட்டிலேயே இருக்கலாம்.

2022இல் சுவீடனின் ஒரு கார் இதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பநிலையைக் கூட்டுவது, ரேடியோ நிலையம் மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு காரையும் முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பொத்தான்கள் நிறைந்த 2005 மாடல் வால்வோவில் எல்லாம் 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் கடந்த தூரம் 306 மீட்டர். புதிய கார்களில் மிக மோசமான ஒன்றில் 44.9 விநாடி பிடித்தது, 1,372 மீட்டர். பழகியும் இந்த வித்தியாசம். புதுக் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பே 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பொத்தான் அல்லது லீவர் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி வைத்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: வண்டியை எடுக்கும் முன்பே ஏசியை 'ஆட்டோ'வில் 24 டிகிரிக்கு வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஒலியளவையும் பாட்டையும் ஸ்டீயரிங் பொத்தானிலேயே மாற்றப் பழகுங்கள். முன்கண்ணாடிப் பனியை நீக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலிலேயே தேடி, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். அது திரைக்குள் இருந்தால் முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுவர வழி உண்டா என்று செட்டிங்கில் பாருங்கள். கண்ணாடி மங்குவது கொட்டும் மழையில்தான், அப்போது மெனுவுக்குள் தேட முடியாது.

கேள்வி: திரையை எவ்வளவு நேரம் பார்த்தால் ஆபத்து? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

பதில்: இரண்டு விநாடி. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு பார்வை 2 விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கான பார்வைகள் எல்லாம் சேர்ந்து 12 விநாடியைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது.

என்னைக் கேட்டால் 12 விநாடியே நம் ஊர் ரோட்டுக்கு அதிகம். 80 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. இரண்டு விநாடி குனிந்தால் 44 மீட்டர். நிமிர்ந்து பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக இன்னும் 22 முதல் 33 மீட்டர். அதற்குப் பிறகு காய்ந்த ரோட்டில் வண்டி நிற்கச் சுமார் 36 மீட்டர். எல்லாம் சேர்ந்தால் நூறு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. புறவழிச்சாலை மீடியன் இடைவெளியிலிருந்து மாடோ டிவிஎஸ் எக்ஸ்எல்லோ குறுக்கே வர இவ்வளவு தூரம் தேவையில்லை.

கேள்வி (மதுரை): நான் புளூடூத்லதான் பேசுறேன் சார். ரெண்டு கையும் ஸ்டீயரிங்லதான். அதுல என்ன தப்பு?

பதில்: கை சும்மா இருக்கிறது, மூளை சும்மா இல்லை. பேச்சில் மூழ்கியவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஆனால் சிவப்பு விளக்கு மனதில் பதியாது. யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஸ்ட்ரேயரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், சில கார்களில் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 விநாடி வரை கவனம் முழுசாகத் திரும்பவில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவருக்கு எதிரே லாரி வருவது தெரியும், தானாகப் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு அது தெரியாது. "ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லும் அளவுக்குத்தான் புளூடூத். பணத் தகராறு, வீட்டுச் சண்டை எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு.

ஐபோனில் செட்டிங்ஸ், ஃபோகஸ், டிரைவிங் என்று போனால், கார் புளூடூத் இணைந்ததும் அறிவிப்புகள் தானாக அடங்கும்படி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செட்டிங்ஸ் தேடலில் 'டிரைவிங்' என்று அடித்துப் பாருங்கள்.

கேள்வி (கார் ஓட்டுநர், திருச்சி): அண்ணே, நம்ம ஆண்ட்ராய்டு ஸ்டீரியோல ஓடும்போதும் வீடியோ வருது. கடைக்காரர்தான் அப்படி மாட்டிக் கொடுத்தார். பின்சீட்டுப் பசங்க பார்க்கத்தான். அதை நிறுத்த முடியுமா?

பதில்: முடியும், கட்டாயம் நிறுத்துங்கள். பசங்களுக்காக ஓடும் படத்தின் அசைவு உங்கள் ஓரக்கண்ணையும் இழுக்கும், அதை மன உறுதியால் தடுக்க முடியாது.

ஸ்டீரியோவிலிருந்து பார்க்கிங் பிரேக்குக்கென்று ஒரு வயர் வரும், பெரும்பாலும் இளம்பச்சை. அது ஹேண்ட் பிரேக் அடியில் உள்ள சுவிட்சுக்குப் போக வேண்டும். பிரேக்கை இழுத்தால் சுவிட்ச் எர்த் ஆகும், அதாவது காரின் உலோகப் பாடியோடு இணையும், அப்போதுதான் வீடியோ வரும். கடைகளில் அந்த வயரை நேரே பாடியில் எர்த் செய்துவிடுகிறார்கள். ஹேண்ட் பிரேக் எப்போதும் போட்டிருப்பதாக ஸ்டீரியோ நினைத்துக்கொள்ளும்.

எலக்ட்ரீஷியனிடம் அதைப் பாடியிலிருந்து கழற்றி, சுவிட்ச் வயரில் இணைக்கச் சொல்லுங்கள். சில ஸ்டீரியோவில் கார் செட்டிங்குக்குள்ளேயே ஓடும்போது வீடியோவை அனுமதிக்கும் தேர்வு இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். பிறகு சமதளத்தில் கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இறக்கிப் பாருங்கள், படம் நின்றால் வேலை சரி. பொத்தான் வகை எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் எந்த வயரையும் நீங்களாக வெட்டாதீர்கள்.

கேள்வி: ராத்திரியில் திரை கண்ணைக் கூசுகிறது. பிரைட்னஸைக் குறைத்தால் பகலில் தெரிவதில்லை.

பதில்: பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோ என்றால் இல்லுமினேஷன் வயர், பெரும்பாலும் ஆரஞ்சு நிறம், இணைக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிங் லைட் லைனில் சேர்த்தால், விளக்குப் போட்டதும் திரை தானாக மங்கும். மேப்பையும் இரவு நிறத்துக்கு மாற்றுங்கள். வெளிச்சத் திரையைப் பார்த்துவிட்டு இருட்டான ரோட்டைப் பார்க்கும்போது கண் மறுபடி பழகச் சில விநாடி ஆகும், கறுப்புச் சட்டைக்காரர் தெரியாமல் போவது அந்த நேரத்தில்தான்.

கேள்வி (உணவு டெலிவரி செய்பவர், சென்னை): மேப் பார்த்தாலும் போலீஸ் பிடிக்குமா அண்ணா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவு 2019இல் திருத்தப்பட்டபோது, ஓட்டிக்கொண்டே கையடக்கக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் என்று சேர்க்கப்பட்டது. முதல் முறையே 6 மாதம் முதல் ஓராண்டு சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020இல் விதி வந்தது. ஆகவே போன் ஹோல்டரில் இருக்கட்டும், கையில் வேண்டாம்.

ஆனால் தம்பி, பைக் ஹேண்டிலில் போனைப் பார்க்கத் தலையே குனிய வேண்டியிருக்கிறது, காரைவிட மோசம். கிளம்பும் முன் அடுத்த இரண்டு திருப்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியதும் இடது ஓரம் நிறுத்தி அடுத்த இரண்டு. புது ஆர்டர் ஒலி வந்தாலும் அப்படித்தான். ஓடிக்கொண்டே தட்டிப் பிடிக்கும் ஆர்டர் வேண்டாம், போனால் போகட்டும்.

கேள்வி: ஏடாஸ் (கோட்டுக்குள் ஓட்டவும் பிரேக் போடவும் தானே உதவும் வசதி) இருக்கும் காரில் கையை விட்டுவிட்டு போன் பார்க்கலாமா?

பதில்: கூடாது. ரோட்டுக் கோடு அழிந்த இடத்தில் அந்த வசதி சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும். பொறுப்பு முழுக்க உங்களுடையதே.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயசு. திரை எழுத்து மங்கலா தெரியுதுங்கிறார். தூரப்பார்வை நல்லாத்தான் இருக்கு.

பதில்: வெள்ளெழுத்து. நாற்பத்தைந்துக்கு மேல் தூரத்திலிருந்து கிட்டத்துக்கும் திரும்பத் தூரத்துக்கும் கண் பார்வையைக் குவிப்பது சிரமமாகும். அவர் ஒவ்வொரு முறை திரையைப் பார்ப்பதும் உங்களைவிட நீளமான பார்வை. படிக்கும் கண்ணாடி போட்டு ஓட்ட வேண்டாம், அது சுமார் 40 செ.மீ. தூரத்துக்கானது. திரை 70 செ.மீ. பக்கம் இருக்கும், ரோடு மொத்தமாக மங்கிவிடும். கண் மருத்துவரிடம் வண்டி ஓட்டுவதைச் சொல்லிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள். அதுவரை மேப்பில் எழுத்தைப் பெரிதாக்கி, குரல் வழிகாட்டலைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். கூகுள் மேப்ஸ் செட்டிங்கில் குரல் தேர்வுக்குள் தமிழ் இருக்கிறது. பார்க்காமல் கேட்டே ஓட்டுவார்.