தக்காளி சூப்பில் பால் திரியாமல் இருக்க

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஹோட்டலில் தருகிற கிரீம் தக்காளி சூப் என்றால் என் மகனுக்கு உயிர். வீட்டில் செய்தால், பாலை ஊற்றியதுமே திரிதிரியாகப் பிரிந்துவிடுகிறது. பால் நல்ல பால்தான். எங்கே தப்பு?"

பால் மேல் தப்பே இல்லை. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து பனீர் எடுக்கிறோம் இல்லையா, அதே வேலைதான் உங்கள் பாத்திரத்திலும் நடக்கிறது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 பக்கம் இறங்கினால் பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கட்டிக்கொள்ளும். தக்காளிச் சாறு பெரும்பாலும் அதற்கும் கீழேதான் இருக்கும். கொதிக்கிற சாறு என்றால் இன்னும் சீக்கிரம் திரியும்.

முதலில் தக்காளி. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் நாட்டுத் தக்காளி, பெங்களூர் தக்காளி இரண்டும் கிடைக்கும். ரசத்துக்கு நாடுதான் ராஜா. சூப்புக்கு, சதை அதிகமாகவும் புளிப்பு குறைவாகவும் உள்ள பெங்களூர் தக்காளி நல்லது. நான் வாசத்துக்காக அரை கிலோவில் ஒன்றிரண்டு நாட்டுத் தக்காளி சேர்ப்பேன். நன்றாகச் சிவந்து, காம்புப் பக்கம் பச்சை இல்லாததாகப் பொறுக்குங்கள்.

அரை கிலோ தக்காளி, ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, சின்னத் துண்டு கேரட், ஒரு டம்ளர் தண்ணீர். குக்கரில் இரண்டு விசில். நன்றாக ஆறிய பிறகே மிக்ஸியில் அரையுங்கள். சூடாக அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். அப்புறம் வடிகட்டுங்கள். தோலும் விதையும் போனால்தான் ஹோட்டல் வழவழப்பு வரும். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், நுரைத்து அடங்கும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும். சர்க்கரை நாக்குக்குத்தான் இதம், அமிலத்தைக் குறைக்காது.

இனிதான் முக்கியமான இடம். அடி கனமான வாணலியில் இரண்டு ஸ்பூன் வெண்ணெய் உருகியதும் இரண்டு ஸ்பூன் மைதா போட்டு, சிறு தீயில் கிளறுங்கள். பச்சை வாடை போய் பிஸ்கட் வாசம் வரவேண்டும், நிறம் மாறக்கூடாது. அதில் ஒரு டம்ளர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். கரண்டியின் பின்புறம் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கவேண்டும். மைதாவின் மாவுச்சத்து புரதத்தை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. வெறும் பாலுக்கு இல்லாத பாதுகாப்பு இதுதான்.

அடுப்பை அணைத்துவிட்டு, தனியே சூடாக்கிய தக்காளிச் சாற்றை ஒவ்வொரு கரண்டியாகப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். பாலைத் தூக்கிச் சாற்றில் கொட்டினால் முதல் சொட்டு பாலுக்கே மொத்தப் புளிப்பும் விழும், அதனால்தான் இந்த வரிசை. பிறகு சிறு தீயில் லேசாகச் சூடேறினால் போதும், கொதி வரக்கூடாது. உப்பும் மிளகுத்தூளும் கடைசியில். நிறைகொழுப்புப் பாலாக இருந்தால் சுவை கூடும்.

மைதா வேண்டாம் என்பவர்கள், ஊறவைத்த எட்டு முந்திரியை நைஸாக அரைத்து, பாலுக்குப் பதில் சேருங்கள். அதில் கேசினே இல்லை, திரிய வழியில்லை.

மகன் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்கு வேண்டும் என்றால், சாற்றை மட்டும் காலையிலேயே வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். பால் பகுதியை அவன் கைகால் கழுவி வருவதற்குள் செய்துவிடலாம்.