6 மடங்கு ஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு ரெட் டாட்: தேவையா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: "என் ஏஆர்-15ல் 1-6 மடங்கு ஸ்கோப் இருக்கிறது. 1-ல் வைத்தால் அதுவே ரெட் டாட் மாதிரிதானே? பக்கவாட்டில் இன்னொன்று மாட்டுவது வீண் செலவா?"

புதியவர்களுக்கு ஒரு வரி: ஏஆர்-15 ஒரு வகை ரைஃபிள். ஸ்கோப் இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும், 1-6 என்றால் ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை. ரெட் டாட் எதையும் பெரிதாக்காது, குறிபார்க்கக் கண்ணாடியில் ஒரு ஒளிப்புள்ளியை மட்டும் காட்டும். நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், உள்ளூர் மல்டிகன் போட்டிகளுக்கு (பல வகைத் துப்பாக்கிகளால் ஓடி ஓடிச் சுடும் போட்டி) போக ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து பன்றி வேட்டையாடுபவர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. உங்களுக்கு ஒரு ஸ்கோப்பே போதும்.

2021 அக்டோபர், சான் அந்தோனியோவுக்கு வெளியே ஒரு ரேஞ்ச். அந்த ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்று) முதலில் மரத்தடுப்பின் மேல் ரைஃபிளைச் சாய்த்து 300 கஜத்தில் நாலு ஸ்டீல் பிளேட். அப்புறம் இடதுபக்கம் ஓடி, 7 கஜத்தில் வரிசையாக அட்டை இலக்குகள். ஸ்டீல் நாலையும் நாலே குண்டில் அடித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஸ்கோப்பை 6-லேயே விட்டுவிட்டு ஓடினேன். ரைஃபிளைத் தூக்கினால் கண்ணாடி முழுக்கப் பழுப்பு நிறம், அதுவும் மங்கலாக. எந்த அட்டை, அதன் எந்தப் பகுதி, ஒன்றும் புரியவில்லை.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். இந்த மாதிரி ஸ்கோப்பில் 6 மடங்கில் 100 கஜத்தில் சுமார் 20 அடி அகலம் தெரியும். 7 கஜத்தில் அதுவே 17 அங்குலத்துக்குச் சுருங்கிவிடும். அட்டையின் அகலம் 18 அங்குலம். அட்டையின் ஓரம்கூடத் தெரியாது. ஸ்கோப்பின் மடங்கை மாற்றும் வளையத்தைத் திருப்பி 1-க்குக் கொண்டுவந்து சுட்டு முடிப்பதற்குள் அந்த ஸ்டேஜ் போய்விட்டது.

"திருப்ப மறந்தது உன் தப்பு, இதற்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும்?" என்று யாராவது எழுதுவார்கள். நியாயம்தான். அதனால்தான் முதலில் வளையத்தில் ஒரு சின்ன லீவர் மாட்டிப் பாருங்கள் என்கிறேன். விலை குறைவு, கட்டைவிரலால் தட்டினால் திரும்பிவிடும். நானும் ஒரு சீசன் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் கிட்டே, தூரே, மறுபடி கிட்டே என்று மாறி மாறி வரும் ஸ்டேஜில் ஒவ்வொரு முறையும் கையை எடுத்துத் திருப்புவது ஒத்துவரவில்லை. இன்னொன்று, 1-ல் வைத்தாலும் ஸ்கோப் ஸ்கோப்தான். கண் அதற்குப் பின்னால் மூன்றரை, நாலு அங்குலத்தில் நேராக இருக்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் கறுப்பு ஏறும். ரெட் டாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. புள்ளி கண்ணாடியின் எந்த மூலையில் தெரிந்தாலும், இலக்கின் மேல் இருந்தால் சுடலாம். தடுப்புக்கு வெளியே தலையை நீட்டிக் கோணலாக நிற்கும்போது இந்த வித்தியாசம் உறைக்கும்.

ஆகவே 45 டிகிரி சாய்வில் பிடித்துக்கொள்ளும் மவுண்ட் (தாங்கி) ஒன்றும் சின்ன ரெட் டாட் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 100 கிராம் சொச்சம். வலதுகைக்காரர்கள் வலதுபக்கம் மாட்ட வேண்டும். பின்கட்டை தோளை விட்டு நகராமல் ரைஃபிளை இடதுபக்கம் உருட்டினால் புள்ளி கண்ணுக்கு நேராக வந்துவிடும்.

முதல் நாள் ஜீரோ செய்யும்போது, அதாவது புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யும்போது, ரைஃபிளை நிமிர்த்தியே வைத்து, தலையை மட்டும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு மதுரைக்காரர், ரேஞ்சுக்கு வரும் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். "தம்பி, துப்பாக்கியைச் சாய், தலையைச் சாய்க்காதே" என்றார். சாய்த்தால்தான் புள்ளி குழலுக்கு நேர் மேலே இருக்கும். நிமிர்த்தி ஜீரோ செய்தால் புள்ளி குழலுக்குப் பக்கத்தில் இருக்கும். 50 கஜத்தில் குண்டும் பார்வையும் சேர்ந்தாலும், அதைத் தாண்டியதும் குண்டு ஒரு பக்கமாக விலகிக்கொண்டே போகும். அவர் சொன்னபடி சாய்த்து வைத்து 50 கஜத்துக்கு ஜீரோ செய்தேன்.

அதன்பிறகும் அடுத்த போட்டியில் அடி வாங்கினேன். 7 கஜத்தில் சுடக்கூடாத வெள்ளை அட்டை ஒன்று இலக்கின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. புள்ளியை அந்த ஓரத்துக்குச் சற்று மேலே வைத்துச் சுட்டேன். ஓட்டை வெள்ளையில் விழுந்தது. என் புள்ளி குழலுக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் குண்டும் ஏறக்குறைய அந்த இரண்டு அங்குலம் கீழேதான் போகும். இது எல்லா ரெட் டாட்டுக்கும் பொருந்தும். இரண்டாவது புள்ளியைக் கிட்டத்துக்கு மட்டுமே பயன்படுத்தப் போகிறோம் என்பதால் 5, 7, 10, 15 கஜங்களில் சுட்டுப் பார்த்து எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் கண்ணையும் சோதித்துவிடுங்கள். எனக்கு அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவில் இருக்கும் ஒரு பார்வைக் குறை) உண்டு. கண்ணாடி போடாமல் பார்த்தால் புள்ளி வால் முளைத்து, காற்புள்ளி மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். கடையிலேயே ரெட் டாட்டைக் கையில் எடுத்து, போன் கேமராவில் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் குறை கண்ணில்தான். புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்தால் ஓரளவு சரியாகும். ஸ்கோப்பில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

இன்னொரு விஷயம், பல போட்டிகளில் இரண்டாவது ஆப்டிக் (ஸ்கோப், ரெட் டாட் போன்ற கருவி) மாட்டிய உடனே உங்களை, கருவிகளுக்குக் கட்டுப்பாடு குறைவான ஓப்பன் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். நான் அது தெரியாமல் போய்ப் பதிவு மேசையில் நின்று வாதாடினேன். விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன பொங்கல் விழாவில் நான் ரைஃபிள் போட்டிக்குப் போவது தெரிந்ததும், சிலர் தங்கள் குழந்தைகளை என் பக்கத்திலிருந்து நகர்த்தி உட்கார வைத்தார்கள். மனது நொந்துபோனது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகச் சுட்டவர். அவருடைய 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை, சிறு துளை வழியாகப் பார்த்துச் சுட வேண்டும். அவரைப் பாராட்டி வாட்ஸ்அப்பில் பதிவு போட்டவர்கள்தான் இவர்களும். என் ரைஃபிள் வேறு வகை என்பது எனக்கும் தெரியும். பூட்டிய பெட்டியில்தான் வைத்திருக்கிறேன், ரேஞ்சுக்கு வெளியே அதை எடுத்ததே இல்லை.

சரி, பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரிதான். சில மாடல்களில் பேட்டரி அடியில் இருப்பதால் ரெட் டாட்டையே கழற்றித்தான் மாற்ற முடியும், மாட்டிய பிறகு ஜீரோவைச் சரிபார்க்க வேண்டும். மேலேயோ பக்கத்திலோ பேட்டரி மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையது அடியில். வருடா வருடம் ஜனவரியில் மாற்றி, அன்றைக்கே 50 கஜத்தில் பத்து குண்டு சுட்டுப் பார்த்துவிடுவேன்.